மாமாவின் முகம்

என் அத்தை வீட்டுச் சுவரில் இருந்த ஒரே படத்தை நான் அழித்தேன். கை தவறி நடந்தது என்று இதுவரை சொல்லி வந்தேன். அது உண்மை இல்லை. நடந்தது முழுவதையும் இங்கே எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அத்தை வீடு கண்டியூருக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம். படத்தில் இருந்தவர் மாமா. 1978-ல் தாளடி நடவின்போது வரப்பில் பாம்பு கடித்து இறந்தார். மச்சான் அப்போது கைக்குழந்தை. கல்யாணமான புதிதில் தஞ்சாவூர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. மாமாவுக்கு வேறு படம் கிடையாது. அப்பாவின் முகம் என்று மச்சான் அறிந்தது அதைத்தான். அத்தை தினமும் அதற்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

நான் தஞ்சாவூரில் மின்னணுச் சாமான்கள் பழுதுபார்ப்பவன். நல்ல கைக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு அளவுக்கு மீறிப் பிடிக்கும். மின்தாள் திரையில் ஒரு படச்சட்டம் செய்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கிண்டிலில் இருக்கும் அதே வகைத் திரை. 1990-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவானது. முடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கும். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர் மின்னூட்டம். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் படம் அப்படியே நிற்கும். மாற்றும்போது மட்டும்தான் மின்கலம் செலவாகும். அந்தக் குணத்தில்தான் நான் மயங்கினேன். பின்னால் அத்தையை ஏமாற்றியதும் அதே குணம்தான்.

மாமா படத்தை அதில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அத்தை கேட்கவில்லை. நானே சொன்னேன்.

படத்தை இறக்கியது ஐப்பசி அடைமழையில். சுவரெல்லாம் ஓதம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடாமல் பின்னால் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அந்தக் காலத்துப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். உருவம் அதில்தான் வெள்ளித் துகளாகப் படிந்திருக்கிறது. ஈரத்தில் அது இளகும். காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மாமாவின் முகமும் தோளும் கண்ணாடியோடு ஒட்டியிருந்தன.

ஒட்டிய படத்தை உரிக்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். சரசுவதி மகால் நூலகத்தில் பழைய ஏடுகளையும் தாள்களையும் பாதுகாக்கும் பிரிவு இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பதிவுசெய்ததையும் அறிவேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அதற்காகவே கேட்கவில்லை.

முதலில் கண்ணாடியோடு செல்போனில் ஒரு படம் எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சம் இடது கன்னத்தில் பட்டையாக விழுந்தது. விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் வைத்து மறுபடி எடுத்திருக்கலாம். அந்தப் பொறுமைகூட இல்லை. அட்டையை நீக்கி, ஓரத்தில் பிளேடை விட்டு உரித்தேன். வேட்டி, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் சுத்தமாக வந்தன. என் கையை நானே மெச்சிக்கொண்டேன். மார்புக்கு மேலே பிடிப்பு இறுகியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். முகம் அதுவரை முழுதாக இருந்தது. நான் இழுத்தேன். தாள் கையோடு வந்தது. முகம் கண்ணாடியில் நின்றுவிட்டது.

அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. முன்பக்கமாகப் பார்த்தால் கண், மூக்கு, மீசை, கன்னத்து மச்சம் எல்லாம் கண்ணாடியில் இருந்தன. பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்கேன் செய்திருந்தால் முகம் மிஞ்சியிருக்கும். வாசலில் என் மனைவியின் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் பார்த்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். நனைத்தேன். பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தேன். சாம்பல் நிறக் கூழாக மாமாவின் முகம் சாக்கடையில் போனது. உரித்தது கர்வத்தால். கழுவியது பயத்தால். கழுவியதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

மிஞ்சியது வெளிச்சம் அடித்த அந்தச் செல்போன் படம். நான் வாங்கிய திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பல் நிறத்தைப் புள்ளி தூவித்தான் காட்டும். தள்ளி நின்றால் மாமா தெரிவார். அத்தை கிட்டே போய்ப் பார்த்தார்.

"கன்னத்து மச்சம் எங்க தம்பி?"

இந்தத் திரையில் அப்படித்தான் வரும் என்றேன். பழைய படம் கடையில் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"மாமா மட்டும் இருந்தா போதும் தம்பி" என்றார். அதையும் நான் காதில் வாங்கவில்லை. ஒரே படம் நின்றால் என் வேலைத்திறன் எப்படித் தெரியும்? தினம் ஒரு படம் மாறும்படி வைத்தேன். பெரிய கோயில், பேரப்பிள்ளைகள், என் மகளின் பிறந்தநாள். மாமா வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வருவார்.

வருஷத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று உறவினர் முன்னால் சொன்னேன். சட்டத்தை இயக்கும் ஈ.எஸ்.பி.32 சில்லு உறங்கும்போது எடுப்பது சுமார் 10 மைக்ரோஆம்ப். அந்த எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். சில்லு இருந்த போர்டிலோ ஒரு சிவப்பு எல்.இ.டி. ஓயாமல் எரிந்தது. மின்னழுத்தச் சீராக்கியும் யூ.எஸ்.பி. சில்லும் தம் பங்குக்கு உறிஞ்சின. பிறகு அளந்தபோது மொத்தம் 10 மில்லிஆம்ப். ஆயிரம் மடங்கு. 2600 மில்லிஆம்ப்-மணி செல் அதற்குப் பதினோரு நாள்கூட நிறைவாகத் தாங்காது. மல்ட்டிமீட்டர் மேசையிலேயே கிடந்தது. கொடுக்கும் முன் நான் அளக்கவில்லை.

செல் தீர்ந்தது. திரை கறுத்துப் போயிருந்தால் எனக்கு ஒரு போன் வந்திருக்கும். மின்தாள் கறுக்காது. கடைசியாக வந்த படம் அப்படியே நின்றது. என் மகள் கேக் வெட்டும் படம் மார்கழி முழுக்க மாமாவின் ஆணியில் தொங்கியது. பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தை நிலைப்படியில் வைத்திருக்கிறார். "நீ வச்சதாச்சே, ஏதாவது காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார் பிறகு.

தை அமாவாசைக்குப் போயிருந்தேன். மச்சான் திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் முழுகிவிட்டு வந்தான். இலை போட்டு வாழைக்காயும் வடையும் பாயசமும் பரிமாறியாயிற்று. சுவரில் கேக்.

"இன்னிக்கு மட்டும் அந்தப் பழைய படத்தக் குடுத்துடு தம்பி. படைக்கணும்" என்றார் அத்தை.

கடை பூட்டியிருக்கிறது என்றேன். மச்சான் வண்டியை எடுக்கக் கிளம்பினான். "சாவியக் குடு, ஒரு எட்டு போயி எடுத்தாந்துடறேன்."

அதற்கு மேல் எனக்குப் பொய் அகப்படவில்லை. ஈரத்தில் ஒட்டி வீணாகிவிட்டது, தெரியாமல் உரித்துவிட்டேன் என்றேன். இன்னொரு பொய் அகப்பட்டிருந்தால் அன்று அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

அத்தை சத்தம் போடவில்லை. "மொகம் தெரியுதா? கொஞ்சமாச்சும்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இலையைக் குத்துவிளக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். மச்சான் சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டான். அதன்பின் அவன் என்னோடு பேசுவதில்லை.

போர்டை மாற்றினேன். அளந்து பார்த்தேன். சட்டம் இப்போது மாமாவை மட்டும் காட்டுகிறது. அத்தை மாட்ட விடவில்லை. மச்சம் இல்லாமல் யாரோ மாதிரி இருக்கிறது என்றார்.

கண்ணாடியில் முகம் இருந்ததையும் அதை நான் கழுவிவிட்டதையும் அவர்கள் யாருக்கும் இன்றுவரை சொல்லவில்லை. சுவரில் ஓதம் ஏற விட்டது தன் தப்பு, முன்னமே பூசியிருந்தால் படம் பிழைத்திருக்கும் என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லி அழுகிறாராம். அது என் காதுக்கும் வந்தது. இல்லை அத்தை, நான்தான் என்று சொல்ல நான் இன்னும் போகவில்லை.