ஐம்பத்தேழு நாள்

செஞ்சிக் கோட்டையில் சக்கரக்குளத்துக்கு அருகே, ஒரு பாறையின் மேல் மற்றொரு பெரும்பாறை உட்கார்ந்திருக்க, அந்த மேற்பாறையின் தலையில் வட்டமான சிறு செங்கற்சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருப்பதைக் காணலாம். ஏறத்தாழ 15 முதல் 20 அடி உயரமுள்ள அந்தப் பாறையின் நடுவே மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு பொந்து ஓடுகிறது. அதன் அடிவாயைக் கல் வைத்து அடைத்து மேல்வாய்க்குச் சுவர் கட்டிவிட்டால் தண்ணீர் இல்லாத கிணறு ஒன்று தரைக்கு மேலேயே கிடைத்துவிடும் என்பதை எப்போதோ யாரோ கண்டுகொண்டிருக்கிறார்கள். கைதிகள் கிணறு என்று அதற்குப் பெயர். சாவுத் தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளி, சோறும் தண்ணீரும் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்பது ஊர் வழக்கு. எந்த அரசர் காலத்து ஏற்பாடு இது என்பதை அந்த ஊர் வழக்கு கவனமாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1761 வரைக்குள் பீஜப்பூர்ச் சுல்தானின் படை, மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐந்து தரப்புக்குக் கை மாறிய கோட்டையில், இப்படிப்பட்ட பழியை முன்னால் இருந்தவர் தலையில் கட்டிவிடுவது எல்லாருக்கும் வசதியாகவே இருந்திருக்கும்.

அதே கோட்டைக்குள், அந்தக் கிணற்றிலிருந்து நடந்து போகும் தொலைவில், மாபெரும் நெற்களஞ்சியமும் இருக்கிறது. முற்றுகையின்போது படைக்குச் சோறு முட்டுப்படாமல் இருக்கக் கட்டிய, தடித்த சுவர்களையும் வளைந்த கூரையையும் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் எவருக்கும், பசியைப் பற்றி இந்த ஊர் ஆழ்ந்து யோசித்திருக்கிறது என்ற எண்ணம் வராமல் போகாது. இன்றும் செஞ்சி நெல்லின் ஊர்தான். கெடார், அனந்தபுரம் பக்கத்து விவசாயிக்குச் செஞ்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் அங்கே எடைக்குக் காத்துக் கிடக்கும் மூட்டைகளுமே தவிர, ராஜகிரியின் உச்சியும் எட்டு நிலைக் கல்யாண மகாலும் அல்ல.

பசியின் இன்னொரு நினைவுச் சின்னம் ஊருக்கு வடக்கே, சிங்கவரம் போகும் திசையில், திருநாதர்குன்று என்னும் சிறு மலையின் மேல் உள்ளது. அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில் சமண சமயத்தின் 24 தீர்த்தங்கரர்களும், அதாவது பிறவிக் கடலைக் கடக்க வழிகாட்டியவர்களாகச் சமணர் போற்றும் அருகர்களும், மேல்வரிசையில் பன்னிருவரும் கீழ்வரிசையில் பன்னிருவருமாக அமர்ந்த கோலத்தில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். குன்றுக்கு வருபவர்களின் கண் அந்தச் சிற்பங்களிலேயே தங்கிவிடுவதால், பாறையில் வெட்டப்பட்டுள்ள சில வரி எழுத்துகளைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்ததாக, ஏறத்தாழ கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினதாக, எழுத்தியல் அறிஞர்கள் மதிப்பிடும் அந்தச் சிறு கல்வெட்டு, 57 நாள் உணவு கொள்ளாமல் நோன்பிருந்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நிசீதிகை அது என்று கூறுகிறது. சமணத் துறவி ஒருவர் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடத்தில் அமையும் நினைவிடமே நிசீதிகை; உணவைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு முற்றிலும் விட்டு, மனத்தைக் கலங்காமல் நிறுத்தி உடலை உதிரவிடும் அந்த நோன்பைச் சல்லேகனை என்பார்கள்.

கல்வெட்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. ஆண்ட அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, வெட்டுவித்தவர் பெயரும் இல்லை. பிற்காலக் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி என்ற பெயரில் அரசர்களின் வெற்றிகளும் பட்டங்களும் பத்தி பத்தியாக ஓடுவதைப் படித்துச் சலித்தவர்களுக்கு இந்தச் சிக்கனமே ஓர் ஆறுதல். ஆனால் நாள் கணக்கு மட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும். குன்றின் மேல் அவருக்கு அருகே யாரோ ஒருவர், மாணவராகவோ உடன் துறவியாகவோ, ஒவ்வொரு விடியலிலும் மூச்சு இருப்பதைப் பார்த்துக் கரிக்கோடு இழுத்தோ கூழாங்கல் எடுத்து வைத்தோ எண்ணியிருக்க வேண்டும். கீழே வயலில் அறுவடையோ நடவோ நடந்துகொண்டிருந்திருக்கும்.

அந்த எண்ணை நம்பலாமா என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு விடை வைத்திருக்கிறது. அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று கோரி 1929இல் லாகூர்ச் சிறையில் உண்ணா நோன்பிருந்த ஜதீந்திரநாத் தாஸ் 63ஆம் நாளில் இறந்தார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளுடன் 1956இல் விருதுநகரில் நோன்பு தொடங்கிய சங்கரலிங்கனாரின் நோன்பு 76 நாள் என்று வரலாறு பதிவு செய்திருக்கிறது. பெயர் மாறுவதற்கு 1969 வரை ஆயிற்று. ஆகவே 57 நாள் என்பது உடலால் இயலக்கூடிய, புனைவு ஏறாத கணக்கே. இன்னும் ஒரு சான்றும் அதே குன்றிலேயே இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இளையபட்டாரர் என்ற துறவி அங்கே நோன்பிருந்து இறந்ததைக் குறிக்கும் மற்றொரு கல்வெட்டு, அவர் நோற்ற நாள் 30 என்கிறது. முன்னவரின் 57 அதே குன்றில் வெட்டப்பட்டிருக்க, பின்னவருக்காகக் கல் வெட்டியவர் அதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஆசைக்கு இடம் தரவில்லை. பொன்விழா மலர்களையும் தலைவர்களின் சுவரொட்டிகளையும் படித்துப் பழகிய தலைமுறைக்கு இது நம்ப முடியாத நேர்மையாகத் தோன்றினால் வியப்பதற்கில்லை.

நோன்பிருந்து சாவதும் அதற்குக் கல் நிற்பதும் தமிழருக்குச் சமணம் வழியாக மட்டும் அறிமுகமானவை அல்ல என்பதைப் புறநானூறு காட்டுகிறது. பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையால் மனம் வெறுத்த கோப்பெருஞ்சோழன், வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடும் வடக்கிருத்தலை மேற்கொண்டபோது, அதுவரை முகம் பார்த்தறியாத பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாருக்கும் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னதும், உடனிருந்தவர்கள் ஐயுற்ற அந்த மனிதர் சொன்னபடி வந்து சேர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. சோழனோடு இருந்த பொத்தியார் என்ற புலவரும் அன்றே உடன் அமர விரும்பினார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்ததால், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் உறையூருக்குத் திரும்பினார்; அரசன் இல்லாத ஊரைப் பார்த்து அழுதார்; பிள்ளை பிறந்தது; சொன்ன சொல் மாறாமல் மீண்டும் வந்தார். அதற்குள் சோழன் நடுகல் ஆகியிருந்தான். நடுகல் என்பது இறந்த வீரருக்கோ பெரியோருக்கோ நட்டு, பெயர் பொறித்து, பூச்சூட்டி வழிபடும் நினைவுக்கல். தனக்குரிய இடம் எது என்று பொத்தியார் அந்தக் கல்லிடமே கேட்டதாகவும், கல்லாகிவிட்ட நிலையிலும் சோழன் அவருக்கு இடம் கொடுத்ததாகவும் புறநானூற்றுப் பாட்டுகள் சொல்கின்றன. கொடுத்தது எப்படி என்பதை அவை விளக்குவதில்லை. நிழலா, கனவா, உடனிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டதா என்று உரைகாரர்கள் எப்படி வேண்டுமானாலும் கொள்ளட்டும். மனைவியையும் பச்சைக் குழந்தையையும் வீட்டில் விட்டு வந்த மனிதருக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்த அந்தக் கல்லைக் கண்டு, சந்திரநந்தியின் பாறையைப் போல அது நாள் கணக்கோடு நின்றிருக்கலாமே என்று நினைப்பவர்களும் உண்டு.

நண்பன் சாவில் பங்கு கேட்டு வருவது செஞ்சியிலும் நடந்திருக்கிறது. கோட்டையை ஆண்ட சொரூப் சிங் இறந்த பின் மகன் தேஜ் சிங், தமிழ் நாவுக்கு ஏற்ப ராஜா தேசிங்கு ஆனவன், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, ஏறத்தாழ பத்து மாத ஆட்சிக்குப் பிறகு 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர்க்களத்தில் இறந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர். அவனுடைய தோழன் முகம்மது கானை நாட்டுப்புறக் கதைப்பாடல் அவன் திருமணப் பந்தலிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம் கேட்டால், போருக்கு விடை கேட்க வந்த தேசிங்கைப் பார்க்க மனமில்லாமல் முகம் திருப்பிக்கொண்டார் என்று அங்கே சொல்வார்கள். சிற்பம் பல்லவர் காலத்தது, கேள்வி கேட்டவனோ ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்தவன், ஆனால் இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டுபவரை ஊரில் யாரும் விரும்புவதில்லை.

தேசிங்கு செஞ்சியை ஆண்ட காலம் மிகக் குறைவு, நினைவிடங்களோ மிகுதி. செட்டிகுளத்தின் கரையில் உள்ள மேடைதான் அவனை எரியூட்டிய இடம், இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் அங்கேதான் என்கிறார்கள். முகம்மது கானுக்கும் பாராசாரி என்ற குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதிகள் காட்டப்படுகின்றன. போதாததற்கு, பாலாற்றின் கரையில் ஆர்க்காட்டுக்கு எதிரே அந்தப் பெண்ணின் நினைவாக வென்ற நவாபே ஓர் ஊரை உண்டாக்கினார், அதுவே ராணிப்பேட்டை என்றும் மரபு சொல்கிறது. ஊர் உருவான ஆண்டாக 1771 என்பதைப் பல குறிப்புகள் எழுதிச் செல்கின்றன. நவாப் சாதத்துல்லா கான் இறந்தது 1732இல் என்பதால், 39 ஆண்டுக்குப் பின் அவர் எழுந்து வந்து அடிக்கல் நாட்டினாரா என்று கேட்காமல் அந்தக் குறிப்புகளைக் கடந்து செல்வது கடினம். 1960இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடமேற்று வந்த படத்துக்குப் பிறகு தேசிங்கின் முகமும் மாறிவிட்டது. இந்தச் சின்னங்களை எல்லாம் பேசவைப்பது கதைப்பாடலும் வாய்மொழியுமே. மேடையும் சமாதியும் தாமாக எதையும் சொல்வதில்லை. 1943இல் செஞ்சி வரலாற்றை நூலாக எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரியார் ஆவணங்களையும் மரபுக் கதைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து இடம் பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. சிவாஜி கைப்பற்றிய 1677 முதல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் விழுந்த 1698 வரை மராட்டியர் கையில் அது இருந்தது 21 ஆண்டு. இடையில் சிவாஜியின் மகன் ராஜாராம் ஏழு ஆண்டுக்கு மேல் முற்றுகையைத் தாங்கியதால் அந்தப் பெயரில் நியாயமும் இருக்கிறது. கோவிலையும் மதிலையும் கட்டிய நாயக்கர்களுக்குத்தான் அந்தத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை.

நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோவிலின் தூண்கள் வேறு வழியாக உலகத்தைப் பார்த்துவிட்டன. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்த பிறகு, செஞ்சியிலிருந்து செதுக்குத் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. 1870இல் அங்கே கடற்கரையில் நிறுத்தப்பட்ட ஆளுநர் டூப்ளேயின் சிலைக்குப் பீடமாகவும் செஞ்சிக் கோவிற்கற்களே பயன்பட்டன. பிரெஞ்சுக்காரர் போன பின் டூப்ளே கடற்கரைச் சாலையின் தென்கோடிக்கு ஒதுக்கப்பட்டார். எட்டுத் தூண்கள் காந்தியின் சிலையைச் சுற்றி நிற்கின்றன. வாழ்நாளில் பல முறை உண்ணாவிரதம் இருந்தும் 21 நாளுக்கு மேல் போகாத அந்த மனிதரைச் சுற்றி, மாலையானால் சுண்டலும் பஜ்ஜியும் கையில் ஏந்திய கூட்டம் அந்தத் தூண்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறது. தூண்கள் எந்த ஊருடையவை என்று கேட்பவருக்கு, சென்னையிலிருந்து திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினால் நடுவழியில் வரும் ஊர் என்று பதில் கிடைத்தால் அது அவர் அதிர்ஷ்டம்.