எலுமிச்சை ஊரில் ஒரு கரடிக் கதை

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் கடையநல்லூரைத் தாண்டினால் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் பழம். வாசனை ஆளைத் தூக்குகிறது! மேற்கே மலை. 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அமைந்த காடு அங்கேதான்.

"விடியக் கருக்கல்ல ஒத்தையில தோப்புக்குள்ள போயிராதீயம்மா, கரடி நிக்கும்!" என்றார், பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள்.

இந்தக் கரடிக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு, தெரியுமோ? தென் அமெரிக்காவில் 'ஸ்லாத்' என்று ஒரு பிராணி. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும், ஆமை வேகம். நம் கரடியின் நீண்ட நகங்களையும், மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாததையும் பார்த்த ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர், 1791-ல் இதுவும் ஸ்லாத்தான் என்று பெயர் வைத்துவிட்டார்! கரடி என்று தெரிந்த பிறகும் ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஸ்லாத்துக்கு ஆதிகாலத்தில் ஒரு ராட்சத உறவு இருந்தது. 1787-ல் அர்ஜென்டினாவின் லூஹான் ஆற்றங்கரையில் அதன் எலும்புக்கூடு அகப்பட்டது. 1796-ல் பிரெஞ்சு அறிஞர் கூவியே 'மெகாதீரியம்' என்று பெயரிட்டார். அடேயப்பா! நீளம் 20 அடி, எடை சுமார் 4 டன். இந்தக் கனத்தோடு மரம் ஏறுவதாவது! தரையிலேயே வாசம். பின்னங்கால்களில் நிமிர்ந்து, வாலை மூன்றாம் காலாக ஊன்றி, நகத்தால் கிளையை வளைத்துத் தழை தின்றது. 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனது. பருவநிலை மாறியதும் மனிதன் வேட்டையாடியதும் காரணம் என்கிறார்கள்.

அதற்கு நகம் கிளை வளைக்க. நம் கரடிக்கோ புற்றைத் தோண்ட. பல் இல்லாத இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். தேனும் பழமும் என்றால் உயிர். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். சோம்பேறி என்று யார் சொல்வது?

ஆனால் எதிர்பாராமல் நேருக்கு நேர் வந்தால், பயத்தில் பாய்ந்துவிடும். 2022 நவம்பரில் கடையம் அருகே மூவர் படுகாயமடைந்தனர். பிடிபட்ட கரடியும் பிழைக்கவில்லை. இரு பக்கமும் நஷ்டம்.

ஆகவே சகோதரிகளே, மலையடிவாரத்தில் விறகுக்கோ தோப்புக்கோ போகிறவர்கள் நன்றாக விடிந்தபின் இரண்டு மூன்று பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஆள் அரவம் கேட்டால் பெரும்பாலும் கரடியே ஒதுங்கிவிடும். குட்டியைக் கண்டால் கிட்டே போகாமல் மெல்லப் பின்வாங்குங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கும். அழுகிய பழங்களை வீட்டோரம் கொட்டாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.