ஊருக்குப் பொதுவாக இரண்டு லைன்

தேனி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கடைவீதி மாடியில் இருக்கும் அந்த அறையை இன்றும் கண்ட்ரோல் ரூம் என்றே சொல்கிறார்கள். தொண்ணூறுகளில் டிஷ் ஆன்டெனா வைத்துக் கேபிள் டிவி கொடுத்த இடம். இப்போது உள்ளே வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் 4 ஓஎல்டி பெட்டிகள் ஓடுகின்றன. பெட்டியின் ஒரு போர்ட்டில் கிளம்பும் ஒற்றை ஃபைபர், வழியில் ஸ்பிளிட்டர்களில் பிரிந்து பிரிந்து 64 வீடுகள் வரை போய்ச் சேரும்.

இத்தனை வீடுகளுக்கும் வெளியுலகம் வருவது இரண்டே லைன்களில். லைனுக்கு 1 ஜிபி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்திலிருந்து இவர்களே ஃபைபர் இழுத்துவந்தது.

ஆரம்பத்தில் இரண்டு பெட்டிக்கு ஒரு லைன் என்று பிரித்துவிட்டிருந்தார்கள். கடைவீதிப் பெட்டிகள் பகலெல்லாம் திணறும். குடியிருப்புப் பக்கத்து லைன் காலியாகக் கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்படியே தலைகீழ். "ரெண்டு லைனுக்கும் காசு கட்டுறோம் சார், எந்நேரமும் ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்கு" என்றார் உரிமையாளர்.

நான்கு பெட்டிகளையும் ஒரே ஸ்விட்ச்சில் சேர்த்து, அதற்கு மேலே ஒரு ரவுட்டர் வைத்து, இரண்டு லைன்களையும் ஒன்றாகக் கட்டியவர் அங்கே வேலை பார்க்கும் பாலிடெக்னிக் இளைஞர். அதற்கான எல்ஏசிபி முறை 2000-இல் தரநிலையானது, புதிதொன்றும் இல்லை. ஆனால் கட்டிய அன்றும் ஒரு லைன் நிரம்பி வழிந்தது, மற்றது சும்மா கிடந்தது.

காரணத்தை அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். எந்தப் பாக்கெட் எந்த லைனில் போவது என்பதை அதன் முகவரியைப் பார்த்துத்தான் கருவி முடிவு செய்கிறது. மேக் முகவரியைப் பார்க்கச் சொல்லியிருந்தால், அனுப்புவதும் வாங்குவதும் எப்போதும் அதே இரண்டு ரவுட்டர்கள். எல்லாம் ஒரே லைனில்தான் விழும். ஐபி முகவரியைப் பார்க்கச் சொன்னால் ஆளாளுக்குப் பிரியும். இங்கே மாற்றினால் மேலே போவது மட்டும்தான் பிரியும். ஊர் கேட்பதோ கீழே இறங்கி வருவதை. அதைப் பிரிப்பது நகரத்து முனையில் உள்ள கருவி. அங்கிருந்த பொறியாளரை விடாமல் போனில் பிடித்து மாற்ற வைத்திருக்கிறார். அப்படியும் தனி ஒருவரின் ஒரு டவுன்லோடு 1 ஜிபியைத் தாண்டாது. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் 2 ஜிபி.

இவ்வளவும் ஒரே கம்பத்து வரிசையில் வந்தால் பயனில்லை என்று முதலில் சொன்னவர் லைன்மேன். வைக்கோல் லாரி ஒன்று போதும், இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். அதனால் ஒன்று நெடுஞ்சாலையில், மற்றது தென்னந்தோப்பு வழியாக. தோப்பு வழியில் ஜாயிண்ட் பாக்ஸ் ஒன்றைத் திறந்து அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று நிறம் பார்த்து இழைகளைப் பிரித்தார். மேல்பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டினார். 125 மைக்ரான் கண்ணாடி. ஒளி ஓடுவது அதன் நடுவில் 9 மைக்ரானில். ஒட்டும் மிஷினின் திரையில் இரு முனைகளும் நெருங்கின, ஒரு மின்பொறி, இழப்பு 0.02 டிபி. அவருக்கு அது போதவில்லை. இழையை மெல்ல இழுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்லீவை ஹீட்டரில் வைத்தார். அந்த 2 ஜிபி கணக்கில் இந்தக் கைக்கும் பங்குண்டு. மாடியில் எத்தனை லைனைக் கட்டினாலும், கம்பத்தில் ஒட்டு நிற்காவிட்டால் கட்டுவதற்கு அங்கே லைனே இருக்காது.

உரிமையாளர் அடுத்து 10 ஜிபிக்குப் போகப் பார்க்கிறார். ஸ்விட்ச்சும் இரு முனை மாட்யூல்களும் மாற வேண்டும். "அண்ணே, அதுக்கு முன்னால அந்த அலுமினிய ஏணியை மாத்துங்க" என்றார் லைன்மேன். மின்வாரியக் கம்பிகளுக்குப் பக்கத்தில் தினமும் ஏறுகிறவர். ஃபைபர் கிளாஸ் ஏணியில் கரண்ட் பாயாது. புது ஸ்விட்ச் அடுத்த மாதம் வரலாம். ஏணியை இந்த வாரமே வாங்குங்கள் என்று நானும் உரிமையாளரிடம் சொன்னேன்.