கிளிப்பிள்ளை அல்ல

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நமது தொழில். இருபது வருஷ காலமாக அதைச் செய்து வருகிறோம். சர்வகலாசாலைப் பட்டமும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே, குழந்தைகள் விஷயத்தில் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வெகு நாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தைப் போக்கியவன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். புதிதாகச் சேர்ந்திருந்த அந்தப் பையனைப் பார்த்து, "உன் பெயர் என்ன?" என்று கேட்டோம்.

"உன் பெயர் என்ன?" என்றான் அவன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

சற்றுப் பொறுத்து, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டோம். "தண்ணீர் வேண்டுமா?" என்று அதே குரலில் திருப்பிச் சொன்னான். நமக்குக் கோபம் வந்துவிட்டது. "வாத்தியாருக்கே பழிப்புக் காட்டுகிறாயா?" என்று அதட்டி, மூலையில் நிற்க வைத்தோம். அவன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "தண்ணீர் வேண்டுமா? தண்ணீர் வேண்டுமா?" என்று மெதுவாகச் சொல்லியபடியே நின்றான்.

மறுநாள் காலை அவனுடைய தாயார் வந்தார். "ஸார், இவனுக்கு ஆட்டிஸம். 'வேண்டுமா' என்று இவன் சொன்னால் 'வேண்டும்' என்று அர்த்தம். நேற்று வீட்டுக்கு வந்ததும் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான்" என்றார். அவர் நம்மைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினோம். 1943-ம் வருஷத்தில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் இத்தகைய குழந்தைகள் பதினொருவரைப் பற்றி விரிவாக எழுதினார். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லி 'ஆம்' என்று தெரிவிப்பதையும், 'நான்' என்பதற்கு 'நீ' என்பதையும் அப்போதே அவர் கவனித்திருக்கிறார். 1946-ல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நாயும் இல்லாத, மாடியும் இல்லாத இடத்தில், நாயை மாடியிலிருந்து எறியக் கூடாது என்று அவன் சொல்வானாம். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மூன்று வருஷத்துக்கு முன் லண்டன் ஹோட்டல் ஒன்றில் பொம்மை நாயை அவன் மாடியிலிருந்து ஓயாமல் எறிய, தாயார் அலுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை அது. அதற்குப் பிறகு எதையாவது எறிய ஆசை வரும்போதெல்லாம், அதே வார்த்தையைச் சொல்லித் தன்னைத் தானே தடுத்துக்கொண்டான்!

கிளிப்பிள்ளைப் பேச்சு என்று நாம் தள்ளுவதில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது, பாருங்கள். ஒவ்வோர் எதிரொலியும் வேண்டுகோள் அல்ல. சில சமயம் கலங்கிய மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் குழந்தை அப்படிச் சொல்லும். எதற்காகச் சொல்கிறது என்று தேடுவதே பெரியவர்களின் கடமை.

தாயாரும், ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் நமக்குச் சில வழிகள் காட்டினார்கள். "பால் வேண்டுமா?" என்று கேட்பதைவிட, பாலைக் காட்டி, குழந்தை சொல்லவேண்டியபடியே "பால் வேண்டும்" என்று சொல்வது நலம். திருப்பிச் சொன்னாலும் சரியான வாக்கியமே வாயில் வரும். வாக்கியம் சிறியதாயிருக்கட்டும். கேட்ட பிறகு அவசரப்படாமல் காத்திருக்கவேண்டும். பேச்சு வராத குழந்தைக்குத் தண்ணீர், சோறு, கழிப்பறை, 'போதும்' ஆகியவற்றின் படங்களைக் கொடுத்து, காட்டப் பழக்கலாம். படம் வந்தால் பேச்சு வராது என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்குப் பேச்சு சற்று வளரவே செய்கிறது.

இன்னொன்று. "வீட்டில் தமிழை விட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு பாஷை குழந்தையைக் குழப்பும்" என்று இந்தத் தாயாருக்கும் யாரோ புத்தி சொல்லியிருந்தார்கள். இரண்டு பாஷைகளைக் கேட்பதால் இக்குழந்தைகளின் குறை அதிகமாகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டியோடு பேசும் பாஷையைப் பறித்துவிட்டுக் குழந்தைக்குப் பேச்சுக் கற்பிப்பது என்ன நியாயம்?

நம் வகுப்புச் சுவரில் படங்கள் ஏறின. பையன் முதலில் விரலால் காட்டினான். பல மாதங்களுக்குப் பிறகு "தண்ணீர் வேண்டும்" என்றான். சிரித்த பிள்ளைகளே பிறகு அவனுக்கு அர்த்தம் சொல்பவர்களானார்கள்.

வருஷக் கடைசியில் ஒரு நாள் பாடம் நடத்துகையில் நமக்கு இருமல் வந்து, பேச்சு நின்றுபோயிற்று. பையன் எழுந்து போனான். டம்ளருடன் வந்து நின்றான்.

"தண்ணீர் வேண்டுமா?" என்றான்.

பழைய எதிரொலிதானோ என்று ஒரு கணம் சந்தேகித்தோம். டம்ளர் நம் பக்கம் நீண்டிருந்தது. "வேண்டும், அப்பா" என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம்.