எலிசபெத் பேக்கரின் கல்

மும்பை மாட்டுங்கா வீட்டில் ஒரு பழைய முகம்பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சிவ்ரி கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். நாங்கள் நான்கைந்து பேர். ஒருவர் கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் திருப்புவார், ஒருவர் படமெடுப்பார், ஒருவர் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்வார், மற்றவர் நோட்டில் குறிப்பார். உச்சி வெயிலில் மொழுக்கென்று தெரியும் கல், வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் பேசத் தொடங்கிவிடும். விக்டோரியா டெர்மினஸை வடிவமைத்த எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். கவிஞர் டாம் மொரேஸும் அங்கேதான். அவர்களைச் சுற்றி, யாரும் தேடி வராத ஆயிரமாயிரம் பேர்.

ஆனால் கல்லறைக்கல் என்றதும் என் மனம் போய் நிற்கும் இடம் சிவ்ரி அல்ல. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் முற்றம். வருடத்துக்கு ஒருமுறையாவது தாதரில் ரயிலேறி அங்கே போய்விடுகிறேன்.

தேவாலயத்தின் வரலாற்றை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது 1678இல் தொடங்கி 1680இல் முடித்தார்கள். குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைவாகக் கட்டினார்கள். எலிஹு யேல் திருமணம், ராபர்ட் கிளைவ் திருமணம் எல்லாம் இங்கேதான். வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நேரே உள்ளே போய்விடுகிறார்கள். போகும் வழியில் தாம் மிதித்து நடப்பது கல்லறைக்கற்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தரையில் பதித்திருக்கும் அந்தக் கற்களின் கீழே உடல்கள் இல்லை. அவர்களைப் புதைத்தது கோட்டைக்கு வெளியே, இன்று சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் பக்கத்தில். அங்கே கூம்பும் கோபுரமுமாக உயர்ந்த சமாதிகள் இருந்தன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அவருடைய வீரர்களுக்கு அந்தச் சமாதிகளே மறைவிடமாயின. முற்றுகை விலகியதும் கிழக்கிந்தியக் கும்பினியார் சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள். எழுத்துள்ள கற்களை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அதோடும் விடவில்லை. ஹைதர் அலி படையெடுப்புக் காலத்தில் இதே கற்களைப் பெயர்த்துப் பீரங்கி மேடைக்குப் போட்டார்கள். பிறகு மறுபடி இங்கே வந்து சேர்ந்தன. இத்தனை அலைச்சலுக்குப் பிறகும் எழுத்து மிஞ்சியிருப்பதுதான் எனக்கு வியப்பு.

என் கல் இவற்றில் ஒன்று. 1652 என்ற ஆண்டு பொறித்தது. தேவாலயத்தைவிட 28 ஆண்டு மூத்தது. எலிசபெத் பேக்கர். சென்னையின் முதல் பிரெசிடெண்டாக வந்த ஆரோன் பேக்கரின் மனைவி. பதவியேற்க வந்த அந்தப் பயணத்திலேயே, கப்பலில், பிரசவத்தின்போது இறந்துபோனார். கணவர் பதவி ஏற்றார். மனைவிக்குக் கரையில் ஒரு கல் கிடைத்தது. வாசகம் லத்தீனில் இருக்கிறது. எனக்கு லத்தீன் தெரியாது. முதல் தடவை பெயரையும் ஆண்டையும் மட்டுமே விரலால் தடவிப் படித்தேன். எழுத்தின் பள்ளத்தில் முந்தின நாள் மழைநீர் நின்றிருந்தது. உளி பிடித்த கை யாருடையதோ. கும்பினியோடு வந்த வெள்ளைக்காரக் கொத்தனா, அல்லது கோட்டைச் சுவருக்குக் கல் கொத்திய உள்ளூர்த் தச்சனா? உள்ளூர்க்காரன் என்றால், தனக்கு ஒரு எழுத்தும் தெரியாத மொழியில், தான் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் பெயரை, வரி கோணாமல் வெட்டியிருக்கிறான். அந்தக் கல்லின் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் எலிசபெத்தையும் அந்தக் கல் கொத்தியவனையும் நினைத்துக்கொள்வேன்.

இந்தியாவிலேயே பழைய ஆங்கிலேயக் கல்லறைக்கல் இதுதான் என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 1614இல் இறந்த ஜான் மில்டன்ஹாலுக்கு ஆக்ராவில் கல்லறை இருக்கிறது. சூரத்தில் 1649இல் இறந்த பிரான்சிஸ் பிரெட்டனுக்கு இருக்கிறது. எலிசபெத்தின் கல்லுக்கு இந்தப் பட்டம் தேவையுமில்லை.

கல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னக்கின் மகள்களுக்கு 1689இல் ஞானஸ்நானம் நடந்தது இந்த மேரி தேவாலயத்தில்தான். அவர் இறந்தபோது கல்லறைக்குக் கல் போனது சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து அந்தப் பாறைவகைக்கே ‘சார்னகைட்’ என்று பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. ஒரு கல்லறைக்கல்லை ஒருவர் குனிந்து பார்த்ததால் வந்த பெயர்.

அப்படிக் குனிந்து பார்த்தவர்களில் ஜூலியன் ஜேம்ஸ் காட்டனை மறக்கக் கூடாது. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்ட ஐ.சி.எஸ். அதிகாரி. இன்று கல்லில் அரை வரிதான் தெரிகிறது என்றால் மீதி வரிக்கு அவருடைய புத்தகத்தைத்தான் புரட்டுகிறோம். 1976இல் லண்டனில், கான்பூரில் பிறந்த தியோன் வில்கின்சன், தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதன் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரன் கல்லறைக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இறந்தவனின் பெயரும் பீடும் எழுதிக் கல் நட்ட மரபு நம்முடையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று அதற்குத் தொல்காப்பியம் துறை வகுத்திருக்கிறது. கல்லில் பெயர் இருந்தால் படிப்பதுதான் நமக்குப் பழக்கம். யாருடைய பெயர் என்பது அப்புறம்.

என் கோபமெல்லாம் வெயில் மீதும் மழை மீதும் அல்ல. சுத்தம் செய்கிறவர்கள் மீது. மும்பையில் ஒரு தேவாலய வளாகத்தில், திருவிழாவுக்கு முன்னால், பழைய கற்களை மெஷின் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். ஒரு மாதம் நாங்கள் பாதி படித்து வைத்திருந்த கல் மறு மாதம் வெறும் பலகை. இன்னோரிடத்தில் எழுத்துக்குள் கறுப்புப் பெயின்ட் ஊற்றியிருந்தார்கள். பெயின்ட் அடித்தவர் தெரியாத எழுத்தைத் தானே ஊகித்து ‘3’ஐ ‘8’ ஆக்கிவிட்டார். ஒரு மனிதருக்கு ஐம்பது வயது கூடிப்போயிற்று. விரிசலில் சிமென்ட் பூசுவது இதைவிட மோசம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் உப்பு கல்லின் மேல்தோலைச் செதில் செதிலாக உரிக்கும். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். பழைய கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கல் ஆடினாலோ உதிர்ந்தாலோ அதுகூட வேண்டாம், படம் மட்டும் எடுத்தால் போதும்.

நன்றாகச் செய்ய முடியாது என்பதில்லை. மும்பைக் கோட்டைப் பகுதியிலிருக்கும் புனித தாமஸ் பேராலயத்தின் புனரமைப்புக்கு 2004இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் கல் பிழைக்கும்.

சிவ்ரியில் தாத்தா பாட்டி கல்லறையுள்ள தாராவி, செம்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கல்லை எடுத்துவிட்டு கிரானைட் போடப் போகிறீர்களானால், அதற்கு முன் ஒரு காலைப்பொழுது அதன் வாசகத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்லை உடைக்காமல் பக்கத்திலேயே சாய்த்து வையுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையோடு கோட்டைக்குள் போய், தேவாலயத்துக்கு வெளியே அரை மணி நேரம் தரையைப் பார்த்து நடங்கள். காலை வெயில் சாய்வாக இருக்கும்போது போனால் கண்ணாடிகூட வேண்டாம்.