உப்புப் போடும் முன் ஒரு கரண்டி

பேரங்காடியில் குழந்தை உணவு அடுக்கின் முன் நின்று கணக்குப் போடாத இளம் பெற்றோர் குறைவு. 120 கிராம் பரங்கிக்காய்க் கூழ் அடைத்த சின்னப் பை ஏறக்குறைய மூன்று வெள்ளி. நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 180 வெள்ளி. தேக்கா சந்தையில் ஒன்றரை வெள்ளிக்கு வாங்கும் பரங்கிக்காய்த் துண்டு அதே அளவில் மூன்று வேளைக்கு வரும். சம்பளமில்லா விடுப்பில் இருந்த எனக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியவில்லை. மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும், முடிந்தவரை வீட்டிலேயே செய்வது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம்.

முதலில் கேழ்வரகு. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, கணவரின் அம்மா, செய்து காட்டினார். இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் மூட்டை கட்டினால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஊரில் மொட்டை மாடி வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் பன்னிரண்டாம் மாடி வீவக வீட்டில், இந்த ஈரக்காற்றில், அது நடக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தார். பிறகு மிக்சியில் அரைத்து இரண்டு முறை சலித்தார். முளைகட்டிய மாவில் கஞ்சி அவ்வளவாக இறுகாது. அதனால் அதே கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதல் மாவு சேர்க்கலாம். சின்ன வயிற்றுக்கு அது பெரிய லாபம்.

ஒரு கிலோ கேழ்வரகுக்கு நாங்கள் கொடுத்தது நான்கு வெள்ளிக்கும் குறைவு. மாவு ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. ஆனால் அத்தை அதற்காகச் செலவிட்ட நாள்களை எந்த ரசீதும் சொல்லாது. வீட்டில் செய்தால் மலிவு என்கிறோமே, அதில் பாதி, ஒரு பெண்ணின் நேரத்தைக் கணக்கில் சேர்க்காததால் வரும் மலிவு.

அத்தை ஊர் திரும்பியதும் குழந்தைக்கென்று தனியாகச் சமைப்பதை விட்டோம். எங்களுக்கு வேகும் பருப்பில், உப்பும் மிளகாயும் சேரும் முன், ஒரு கரண்டி எடுத்து வைப்போம். கூட்டுக்கு வெட்டிய காரட், அவித்த சர்க்கரைவள்ளி, குழம்புக்கு வாங்கிய மீனில் முள் பார்த்து எடுத்த ஒரு துண்டு. குழந்தைக் கஞ்சிக்குக் குராவ் மீன்தான் வேண்டும் என்று இங்கே பலர் தேடுவார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும். நாங்கள் அன்று மலிவாகக் கிடைத்ததையே வாங்கினோம். அவித்து அரைக்கும் குழந்தை உணவு இயந்திரம் வேறு விற்கிறார்கள். இட்லிச் சட்டியும் மிக்சியும் இருக்கும் வீட்டுக்கு எதற்கு?

“உப்பில்லாம புள்ள எப்படிம்மா சாப்பிடும்?” என்று காணொளி அழைப்பில் அத்தை கேட்காத நாளில்லை. “அவளுக்கு உப்புன்னா என்னன்னே தெரியாதே அத்தை” என்பேன். தேனைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னபோது மட்டும் கணவரே பேசினார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குத் தேவையான இரும்புச்சத்து தாய்ப்பாலில் மட்டும் கிடைக்காது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் அதிலுள்ள இரும்பில் கொஞ்சத்தைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். அதனால் கோழி, மீன், நன்றாக வெந்த முட்டை அடிக்கடி உண்டு. பருப்புச் சோறு என்றால் கூடவே பப்பாளி; அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும். இரும்புச்சத்து சேர்த்த கடை டப்பா ஒன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. விருந்தாளி வரும்போது அதை நான் ஒளித்து வைப்பதில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஞாயிறு சமையல் கணவருடையது. காய்களை அவித்து மசித்து, ஆறியதும் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கிறார். வேளைக்கு இரண்டு கட்டி. ஒரு முறை இளக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை. மீன், முட்டை எல்லாம் சேர்த்தும் மகளின் சாப்பாட்டுச் செலவு மாதம் 60 வெள்ளியைத் தாண்டுவதில்லை.

கேழ்வரகு மாவு மட்டும் இன்னும் அத்தையிடமிருந்துதான், ஊரிலிருந்து வருவோர் பையில் வருகிறது. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், “புள்ளைக்குப் பல்லு வந்துடுச்சா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.