எங்கள் வீட்டு வெங்காயம்

விளைவிப்பது ஒரு கலை. விளைந்ததை வீணாக்காமல் காப்பது மற்றொரு கலை. இவ்விரண்டாவது கலையை நான் என் தாயாரிடம் கற்றேன். அதற்குப் பாடப்பொருளாக அமைந்தது எங்கள் கொல்லையில் விளைந்த சின்ன வெங்காயம்.

நான் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். என் பெற்றோர் இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கு வெயில் கடுமையாக இருக்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். புதிய இலை துளிர்த்து முதிரும்வரை பால் குறையும்; பால் குறைந்தால் கூலியும் குறையும். மளிகைக் கடையின் பற்றுப் புத்தகத்தில் கடன் ஏறும் காலமும் அதுவே.

ஆயினும் அந்த வெயில் வெங்காயத்திற்கு உகந்தது. மழைக்காலத்து ஈர மண்ணில் வெங்காயம் எளிதில் அழுகிவிடும். ஆகவே டிசம்பர் நடுவில் மழை தணிந்ததும் அம்மா லயத்து வீட்டின் பின்புறம் உயரமாகப் பாத்தி கட்டுவார். அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் இட்டு, சின்ன வெங்காயத்தையே விதையாக ஊன்றுவார். ஊன்றிய ஒரு வெங்காயம் பலவாகப் பிரிந்து பெருகும். இரண்டு மாதங்கள் கடந்ததும் தாள் மஞ்சளித்துச் சாயும். அப்பொழுது நீர் விடுவதை நிறுத்திச் சில நாள் கழித்துப் பிடுங்குவோம்.

1979-ஆம் ஆண்டு விளைச்சல் மிகுதியாக இருந்தது. ஏறத்தாழ 30 கட்டி தேறியது. ஒரு கட்டி என்பது இன்றைய கணக்கில் 600 கிராம் அளவாகும். ஐவர் கொண்ட எங்கள் குடும்பம் அவ்வளவையும் கெடுவதற்குள் உண்டு தீர்க்க இயலாது. கடையில் விற்றுவிடுமாறு அண்டை வீட்டார் கூறினர். கடைக்காரர் கேட்ட விலையோ மிகக் குறைவு. அம்மா, "இன்றைக்கு அவரிடம் விற்றுவிட்டால், அடுத்த மாதம் இதையே அவரிடம் கடனுக்கு வாங்க வேண்டி வரும்" என்று கூறி மறுத்துவிட்டார்.

பிறகு எங்கள் வீட்டில் பெரும்பணி தொடங்கிற்று. முதல் வேலை தரம் பிரித்தல். மண்ணை உதற வேண்டும், நீரில் கழுவலாகாது. மண்வெட்டி பட்டுக் காயமுற்றவை அன்றே சமையலுக்குச் சென்றன. கெட்டியாகவும் கழுத்து மெலிந்தும் இருந்தவற்றை நிழலில் உலர்த்தி, தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்பங்கரை விட்டத்தில் தொங்கவிட்டோம். காற்றும் விறகடுப்பின் சூடும் அவற்றில் ஈரம் தங்காமல் காத்தன. அவற்றுள் சிறந்த கொத்துகளை அடுத்த நடவுக்கென அம்மா தனியே ஒதுக்கினார். மிகச் சிறியவை தோலுரிக்கப்பட்டு, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்துக் காடியில் ஊறின.

கழுத்துப் பருத்தவை நாள்பட நில்லா. அவை வடகத்திற்கு ஆயின. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, ஊறவைத்து வடித்த உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கலந்து ஓரிரவு மூடி வைப்பார் அம்மா. மறுநாள் சாற்றைப் பிழிந்துவிட்டு, உருண்டைகளாக்கி வெயிலில் காயவைப்பார். மாலையில் அவற்றை மீண்டும் அச்சாற்றிலேயே இடுவார். சாறு முழுவதும் வற்றியபின், விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, ஈரம் அறவே நீங்கும்வரை நாள்தோறும் உலர்த்துவார். கோழியும் திடீர் மழையும் பாய்க்கு வராமல் காவல் காத்தது பிள்ளைகளாகிய எங்கள் கடமை.

பக்கத்துக் கம்பத்து மலாய் மாது ஒருவர் வேறொரு வழியைக் கற்பித்தார். வெங்காயத்தை ஒரே சீராக மெல்லியதாக அரிந்து, இளந்தீயில் பொரித்து, பொன்னிறமாகும் தறுவாயில் எடுத்து, நன்கு ஆறியபின் டின்னில் அடைக்க வேண்டும் என்றார். சூட்டோடு மூடினால் மொறுமொறுப்புக் கெடும். அவருக்கு அம்மா ஒரு கொத்து வெங்காயம் கொடுத்து நன்றி கூறினார்.

இம்முறைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வளர நீர் வேண்டும். வெயில் அந்நீரைப் போக்குகிறது. உப்பு அதனை வெளியே இழுக்கிறது. காடியின் புளிப்பு நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. பள்ளிக்கூடம் சென்றறியாத என் தாயார் இவ்வறிவியலைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

பால் மீண்டும் பெருகும்வரை எங்கள் பற்றுப் புத்தகத்தில் வெங்காயம் என்ற சொல் ஒரு முறையும் ஏறவில்லை. ஒரு வடக உருண்டையில் சிறிது கிள்ளித் தாளித்தால், வெறும் கீரைக் குழம்பும் வீடு முழுவதும் மணக்கும். கூலி குறைந்த நாளிலும் நாங்கள் விருப்பத்தோடு உண்டெழுந்தோம்.

நம் நாடு வெங்காயத்திற்குப் பெரும்பாலும் அயல்நாடுகளையே நம்பியுள்ளது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் அத்தடை நீங்கும்வரை, ஒவ்வொரு வெங்காயத்தையும் கருத்தாகப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பல இல்லங்கள் உணர்ந்திருக்கும்.

அன்பு மாணவர்களே! கொல்லை இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் ஒரு தொட்டியில் நான்கு வெங்காயம் ஊன்றலாம். அதன் தாளையேனும் கறிக்கு அரியலாம். இன்று மாலை உங்கள் வீட்டு வெங்காயக் கூடையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். காயமுற்றதை முதலில் எடுத்துச் சமையலுக்குக் கொடுங்கள். நல்லதைக் காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். சிக்கனத்தின் முதற்பாடம் அதுவேயாகும்.